இரண்டாம் சாவி

ஜனவரி 12

பாப்பாவுக்கு அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது.

மூச்சு ஓடுகிறது, முழங்கால்தான் ஓட மாட்டேன் என்கிறது. உனக்கு இருமல் நின்றதா? மகனும் மருமகளும் சுகமா?

இதை எழுதுவது கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. நான் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், மெருகு போடக் கூடாது என்று பேச்சு. அதற்குப் பதிலாக அவர் அலமாரிப் பூட்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் எதிர் அறைக்கு ஒரு லாரிக்காரன் குடிவந்திருக்கிறான். படிக்கட்டில் வழுக்கி விழுந்தேனே, அன்றைக்கு என்னைத் தூக்கிவிட்டவன். தூக்கிவிட்டதோடு போயிருக்கலாம். போகவில்லை. காலையில் தண்ணீர் கேன் என் வாசலில் இருக்கிறது. லோடு இல்லாத நாளில் ரொட்டி வாங்கிவந்து வைக்கிறான். போன வாரம் என் காலைப் பிடித்து நகம் வெட்டிவிட்டான் பாப்பா! பெற்ற பிள்ளை செய்யாத வேலை. எனக்குப் பிள்ளை இல்லை, அது வேறு கதை.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் சும்மா விடலாமா? வயசெல்லாம் பூட்டு வேலை பார்த்தவன் நான். கதவை உடைத்து வந்தவன் எடுத்துப்போனது கொஞ்சம். கதவைத் தட்டிச் சிரித்துக்கொண்டு வந்தவன் எடுத்துப்போனதுதான் அதிகம். இவனுக்கு என்ன வேண்டும் என்று மண்டையைக் குடைந்தேன். வாடகை குறைந்த இந்த அறையா, அப்பாவின் அரங்களும் இரும்பைப் பிடிக்கும் வைஸுமா, டிரங்குப் பெட்டியில் இருக்கும் உன் அண்ணியின் சங்கிலியா?

நேற்று பூனை வெளியே வந்தது. "பெரியவரே, உங்க கதவுக்கு ஒரு சாவி என்கிட்ட இருந்தா நல்லது. உள்ள விழுந்து கிடந்தா நான் எப்படி வர்றது?" என்கிறான். கேட்டாயா? நகத்தில் ஆரம்பித்துச் சாவியில் வந்து நின்றுவிட்டான்.

என் கதவுக்குச் சாவி ஒன்றுதான். அது என் இடுப்பில் இருக்கிறது. இருக்கும்.

உன் யோசனையை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(எழுதியவர் குறிப்பு: சொன்னபடியே எழுதியிருக்கிறேன். என் கண்ணுக்கு அந்த லாரிக்காரர் நல்லவராகத்தான் தெரிகிறார். இந்த வரியை ஐயாவுக்குப் படித்துக் காட்டவில்லை.)


பிப்ரவரி 3

என் அன்பு அண்ணனுக்கு,

நம் இருவரையும் இந்த நாள்வரை காத்துவந்த ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இருமல் போய்விட்டது. பிள்ளைகள் சுகம். உன் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

நான் வழக்கம்போலப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். பார்க்க ஆள் வராத நோயாளிகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன், அவ்வளவுதான் என் ஊழியம். கதவோரக் கட்டிலில் ஒரு கிழவி. குளிரில் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினாள். மகன் எனக்கு வாங்கித் தந்த கம்பளியைப் போர்த்திவிட்டு வந்தேன். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதானே நமக்குச் சொல்லியிருக்கிறது? மருமகள் முகம்தான் கொஞ்ச நாள் உம்மென்று இருந்தது. போகட்டும், சின்னப் பெண்.

ஞாயிறு பிரசங்கமும் இதைப் பற்றித்தான். அன்பு எல்லாவற்றையும் நம்பும் என்று பவுல் எழுதினாராம். எல்லாவற்றையும் சந்தேகப்படும் என்று அவர் எழுதவில்லை அண்ணா. ஒரு சாவி கொடுத்தால் குடியா முழுகிவிடும்? அண்ணிக்குக்கூட நீ கொடுத்ததில்லை. நீ கடையிலிருந்து வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

அந்த மனிதருக்கு என் வாழ்த்தைச் சொல்.

உன் தங்கை


மார்ச் 1

பாப்பாவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று நம்புகிறேன். பார்த்தாயா, நானும் ஒன்றை நம்பிவிட்டேன்.

நீ பவுலைத் துணைக்குக் கூட்டிவந்தாய். பவுல் வாடகை அறையில் குடியிருந்து எதிர் அறைக்காரனிடம் அவஸ்தைப்பட்டாரா என்று உன் போதகரிடம் கேள். எங்கள் சபைக் கதவுக்குப் பூட்டு போட்டவனே நான்தான். "இன்னும் கொஞ்சம் பலமானதா இருந்தா தேவலை" என்று கேட்டு வாங்கிப் போட்டார் அந்தப் போதகர். உள்ளே அன்பு, வெளியே ஆறு லீவர் பூட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். டிரங்குப் பெட்டியின் மூடியிலிருந்து பக்கவாட்டுக்கு ஒரு கறுப்பு நூலை இழுத்துப் பசை போட்டு ஒட்டிவைத்தேன். மூடியைத் திறந்தால் நூல் அறும். வேலையாட்களை நம்பாத கடைக்காரர்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்த வேலை. ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரன் ஜெபம் முடிந்து வந்து என் ஜன்னலைத் துடைத்தான். இடையில் நான் கழிவறைக்குப் போய்வந்தேன். சாயங்காலம் பார்த்தால் நூல் அறுந்து தொங்குகிறது.

படிக்கட்டில் நின்று கத்தினேன். நாலு மாடியும் எட்டிப் பார்த்தது.

"டேய், என் பெட்டியத் தொட்டியா?"

"இல்லைங்களே."

"அப்ப நூலு தானா அறுந்துச்சா?"

"எந்த நூலு?"

"ஆமா, மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் கேப்பீங்க!"

அவன் துடைத்த துணியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டான். மறுநாள் காலையில் தண்ணீர் கேன் வாசலில் இருந்தது. மடியில் கனமில்லாதவனாக இருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டானா? சுமக்கிறான் என்றால் உறுத்துகிறது என்றுதானே அர்த்தம்? நேராகவே கேட்டுவிட்டேன்: "எதுக்குடா எனக்கு இதெல்லாம் செய்யற?"

கேனை இறக்கிவைத்துவிட்டு அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அயலான நேசின்னு சபையில சொன்னாங்க. யாரு அயலான்னு தேடினேன். என் கதவத் திறந்தா உங்க கதவுதான் தெரியுது. உங்களைக் கண்டா எனக்குப் பிடிக்கவே இல்ல பெரியவரே. பிடிச்சவங்களுக்கு யாரு வேணா செய்வாங்களே."

என்னைப் பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறவன் ஒன்று பெரிய யோக்கியன், அல்லது பெரிய திருடன். எது என்று நீ சொல்.

அண்ணன்


ஏப்ரல் 6

என் அன்பு அண்ணனுக்கு,

இன்னொரு காலைப் பொழுதைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி. பிள்ளைகள் சுகம், நானும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று. பவுல் வாடகை வீட்டில்தான் இருந்தார் அண்ணா, இரண்டு வருஷம். தன்னிடம் வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டார் என்று இருக்கிறது. வாசலில் ஒரு காவல்காரனும் இருந்தான், சங்கிலியும் இருந்தது. அதோடேயே அன்பாக இருந்தார்.

அந்த லாரிக்காரர் பெரிய யோக்கியர். பிடிக்காதவனுக்குச் செய்வதுதான் கணக்கில் வரும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. நீ மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு மாற்றம். மகன் என்னைப் பின்பக்க அறைக்கு மாற்றியிருக்கிறான், அம்மாவுக்கு அமைதியாக இருக்கட்டும் என்று. கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டிருக்கிறான். என்மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் ஒரு பல்லி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். அதுவும் என்னை மாதிரிதான், எங்கேயும் போவதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

உன் தங்கை


ஏப்ரல் 24

பாப்பாவுக்கு,

முழங்கால் தேவலை. உன் சுகத்தை எழுது, பல்லியின் சுகத்தையும் எழுது.

நூல் விஷயம் முடிந்தது. எப்படி முடிந்தது என்றால், இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிற டைப்பிஸ்ட் அம்மா முடித்துவைத்தார். அன்றைக்குக் கழிவறையிலிருந்து வந்த எனக்குத் தலை சுற்றியதாம். அந்த டிரங்குப் பெட்டியின் மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேனாம். லாரிக்காரன்தான் ஓடிவந்து தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தானாம். இவர் வாசலில் நின்று பார்த்தாராம்.

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க கத்தின கத்துல என் குரல் எங்க எடுபடும்? சரி, ஆறட்டும்னு விட்டேன். நீங்க ஆறவே இல்ல."

அந்தப் பையன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "மயங்கி விழுந்தீங்கன்னு நாலு மாடி கேக்கச் சொன்னா உங்களுக்கு அவமானமா இருக்கும்னான்" என்கிறார். சின்ன வயசில் நான் அராவிய சாவிகளின் பல் ஒவ்வொன்றும் கண்ணுக்குள் நிற்கிறது, இந்த மயக்கம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. என்ன மூளையோ.

மன்னிப்பெல்லாம் எனக்கு வராது. அவன் லாரிக் கதவுப் பூட்டு இறுகிக் கிடந்தது. கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். புரிந்துகொண்டால் சரி. சாவி? அதைக் கேட்காதே.

உன் அறைக்குப் புதுப் பூட்டு என்றாயே, என்ன பூட்டு? கதவோடு பொருந்தியதா, தொங்கு பூட்டா? உள்ளே திருகு இருக்கிறதா? சாவித் துவாரம் எந்தப் பக்கம்? தொழில்காரன் ஆசைக்குக் கேட்கிறேன், எழுது.

அண்ணன்


ஜூன் 10

என் அன்பு அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போதெல்லாம் கடிதத்தை மகனே வாங்கிப்போய்த் தபாலில் போடுகிறான். அவனுக்கு வேலை அதிகம்.

பூட்டுக்கு எண்ணெய் விட்டு மன்னிப்புக் கேட்டவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அவருக்குப் புரிந்திருக்கும். பல்லி சுகம். எனக்கு இருமல் லேசாக வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை, அதுதான் வசதியாக இருக்கிறது. பிள்ளைகள் நல்லவர்கள் அண்ணா. நான்தான் அவர்களுக்குச் சில சமயம் பாரமாக இருந்துவிட்டேன். அன்பு என்றால் மற்றவர் குறைகளை மூடுவது. நீ யார் குறையையும் தோண்டிக்கொண்டிருக்காதே.

உன் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன். இப்போது அதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 20

பாப்பாவுக்கு,

என் சுகம் கிடக்கட்டும். உன் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா மறுபடி மறுபடி படித்துப் பார்த்தார். எனக்கு ஒரு தரம் கேட்டால் போதும், உள்ளே ஒட்டிக்கொள்ளும். படிக்கத் தெரியாதவனுக்குக் காதுதான் பெட்டி.

பிப்ரவரியில் கதவோரக் கட்டில் கிழவியைப் பற்றிச் சொன்னாய். அந்தக் கிழவி பிழைத்தாளா? அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்ற சொல்லே உன் கடிதத்தில் இல்லை. நீ கடிதம் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து பிரசங்கம் இல்லாத கடிதம் நான் கேட்டதில்லை. எனக்குச் சலித்துப்போகும் அளவுக்கு எழுதுவாய். ஏப்ரலில் பவுல் வந்தார், ஆனால் அது உன் பழைய சரக்கு, போதகர் சொன்னது இல்லை. இப்போது அதுவும் நின்றுபோயிற்று. அப்படியென்றால் நீ சபைக்கும் போகவில்லை. பல்லி மாதிரி எங்கேயும் போவதில்லை என்றாய், நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இருட்டியபின் தண்ணீர் குடிக்காதவர்கள் யார் தெரியுமா? நினைத்த நேரத்தில் கழிவறைக்குப் போக முடியாதவர்கள்.

நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினாய், பல்லிக்குக்கூட எழுதினாய். பூட்டைப் பற்றிக் கேட்டதை மட்டும் தாண்டிப் போய்விட்டாய். இதுவரை ஒரு திருடனைக்கூட நான் சரியாகக் கண்டுபிடித்ததில்லை. எதிர் அறையில் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருவர் பேசாமல் விட்ட இடம் எது என்று எனக்குத் தெரியும். வாங்க வந்தவன் எந்தப் பூட்டைத் தொடாமல் தாண்டுகிறானோ, அதைத்தான் திறக்க வந்திருக்கிறான் என்பார் அப்பா.

பாப்பா, அந்தப் பூட்டு கதவுக்கு வெளியே இருக்கிறதா? சாவி யார் இடுப்பில் இருக்கிறது?

குறையை மூடுவது அன்பு என்றாய். சரி. மூடுவது வேறு, பூட்டுவது வேறு. இதை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம், என் தொழில் அது.

அண்ணன்


ஜூலை 5

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

அம்மா நன்றாக இருக்கிறார். இப்போது அவரால் எழுத இயலவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முன்போல நிதானம் இல்லை. கையில் அகப்படுவதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். என் கோட்டு, என் மனைவியின் குடை, வீட்டுப் போர்வைகள். ஒரு நாள் நாங்கள் வேலையிலிருந்து திரும்பினால், முன்பின் தெரியாத ஓர் ஆள் எங்கள் கட்டிலில் படுத்திருக்கிறான். "காய்ச்சல்ப்பா, பாவம்" என்கிறார் அம்மா. அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியவில்லை. நாங்கள் செய்வது எல்லாம் அவருடைய நன்மைக்காகவே.

உங்கள் கேள்விகள் அவரைக் கலங்கவைக்கின்றன. இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேவை ஏற்பட்டால் நானே தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை மகன்


ஜூலை 14

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவன் லாரிக்காரன். உன் மகனிடம் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் மகன் எழுதியதைப் படித்துக் கேட்டதும் எழுந்துபோய் எதிர்க் கதவைத் தட்டினேன். அவன் குடிவந்ததிலிருந்து நான் தட்டுவது அதுதான் முதல் தடவை. அவனே பயந்துபோனான், நான் விழுந்துவிட்டேனோ என்று.

"என் தங்கச்சி ஊர்ப்பக்கம் உனக்கு லோடு எதுவும் இருக்கா?"

"இல்லைங்க."

"சரி, விடு."

"லோடு இல்லன்னுதானே சொன்னேன்? போக மாட்டேன்னு சொன்னேனா? என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "போறேன். ஆனா அம்மா என்னைப் பார்த்ததில்லையே, எப்படி நம்புவாங்க?"

"நானே நம்பல, அவ எப்படி நம்புவா?" என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்தேன்.

"இது எந்தச் சாவி?"

"என் கதவுது."

"இன்னொண்ணு இருக்குதா?"

"இல்ல."

"அப்ப நான் வர்ற வரைக்கும் எப்படிப் பூட்டுவீங்க?"

"பூட்ட மாட்டேன்."

அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு இப்போது என்மேல் சந்தேகம் வந்துவிட்டது போல.

பார், அதே சாவிதான். நம் பழைய வீட்டுப் பூட்டைத்தானே இந்தக் கதவுக்குப் போட்டிருக்கிறேன், அப்பா பித்தளையில் அராவிய சாவி. வளையத்தின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். நீ தவழ்கிற வயசில் அதைத் தரையில் உரசி உரசிக் கூச்சல் போடுவாய், எனக்குப் பல் கூசும். இன்னொரு சாவி அராவி வைத்துக்கொண்டு இதை அனுப்பியிருக்கலாம், ஒரு பொழுது வேலைதான். செய்யவில்லை. நம்புவது என்று வந்தால் முழுசாக நம்ப வேண்டும். நாக்கு பாதி விழுந்த பூட்டு பூட்டே இல்லை.

வந்துவிடு என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. அங்கேயே இருப்பேன் என்றால் இரு. ஆனால் அந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அந்த வாசலில் நின்று அதைச் சொல்.

அண்ணன்

(எழுதியவர் குறிப்பு: அம்மா, கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஐயா அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வருவோர் போவோரையெல்லாம் முறைக்கிறார். நான் சாப்பாடு கொடுத்துவிடுகிறேன்.)


ஜூலை 18

பெரியவருக்கு வணக்கம். டைப்பிஸ்ட் அம்மா படித்துக் காட்டவும். எனக்கு எழுத்து அவ்வளவு வராது.

வந்து சேர்ந்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனபோது அம்மா தூங்குகிறார்கள் என்றார்கள். மறுபடி போனேன், அம்மா வெளியூர் போயிருக்கிறார்கள் என்றார்கள். தூங்கினவங்க எப்ப எழுந்து ஊருக்குப் போனாங்க என்று கேட்டேன், கதவைச் சாத்திவிட்டார்கள். லாரியை அவர்கள் வாசலிலேயே நிறுத்தினேன். அது சின்னத் தெரு, வேறு வண்டி எதுவும் அசைய முடியாது. அக்கம்பக்கத்தார் வந்து, "யாருப்பா நீ, என்ன வேணும்?" என்றார்கள். "இந்த வீட்டு அம்மாவப் பார்க்க வந்திருக்கேன், பார்த்ததும் போயிடுவேன்" என்றேன். எல்லாரும் சேர்ந்து உங்கள் தங்கை மகனைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். கொண்டியும் நாதாங்கியும் கதவுக்கு வெளியே. பெரிய பித்தளைத் தொங்கு பூட்டு. உங்கள் தங்கை மகன்தான் திறந்துவிட்டார்.

அம்மா மெலிந்திருக்கிறார்கள், மற்றபடி தெளிவாக இருக்கிறார்கள். சாவியைக் கொடுத்தேன். வளையத்தைத் தடவிப் பார்த்தார்கள். கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "அய்யோ, அண்ணன் கதவை எப்படிப் பூட்டுவார்?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மகனைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். திட்ட முடியவில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். "எல்லாத்தையும் கொடுத்துடறாங்க. ஒருநாள் தன்னையும் எங்கயாவது கொடுத்துட்டு வராமப் போயிடுவாங்களோன்னு பயம்" என்றார். அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். "பயந்தா என்கிட்ட சொல்லக் கூடாதாடா? பூட்டியா வைப்பாங்க?" என்றார்கள். பிறகு வாசலுக்கு வந்து, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, "வண்டியில ஏற ஒரு ஸ்டூல் வேணும்ப்பா" என்றார்கள்.

அந்தத் தொங்கு பூட்டை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்கு வேலை கொடுக்க வேண்டுமாம்.

வழியில் லோடு இறக்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, முடித்துவிட்டு மெதுவாக ஓட்டிவருவேன். அதற்கு முன் இது வந்துசேரட்டும் என்று எழுதுகிறேன். கதவைத் திறந்தே வையுங்கள்.

எதிர் அறை


ஆகஸ்ட் 9

என் தங்கச்சி மகனுக்கு மாமா சொல்லி எழுதுவது. எழுதுகிற கை உன் அம்மாவுடையது, பார்த்ததுமே தெரிந்திருக்கும். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு விடுதலை.

உன் அம்மா சுகம். இருமல் இல்லை. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள். அவளே எழுதிக்கொள்கிறாள், நான் சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அவள் மன்னித்துவிட்டாள், வண்டியில் ஏறும் முன்பே மன்னித்துவிட்டாளாம். நான் இன்னும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்த வாரமே இங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் என் நல்ல சட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டாள். எங்கே என்று கேட்டால், "உனக்குத்தான் இன்னொண்ணு இருக்கே" என்கிறாள். உன் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. புரிகிறது என்பதால் பூட்டியது சரி என்று ஆகாது. டிரங்குப் பெட்டியிலிருந்த உன் அத்தையின் சங்கிலியை மட்டும் நான் இடம் மாற்றிவைத்திருக்கிறேன். எங்கே என்று அவளே எழுதும் கடிதத்தில் சொல்ல முடியாது.

நீ போட்டிருந்த தொங்கு பூட்டு வந்தது. நல்ல கெட்டிப் பித்தளை. மனிதர்களைப் பூட்டுவதற்கு அது வீண். பூட்டின் உடம்பை அறுத்து, அந்தப் பித்தளையில் என் கதவுக்குச் சாவி அராவினேன். முதலாவது உன் அம்மாவுக்கு. இரண்டாவது எதிர் அறை லாரிக்காரனுக்கு. கொடுத்தபோது, "என்ன பெரியவரே, என் மேல நம்பிக்கை வந்துடுச்சா?" என்று சிரித்தான். "பிடிக்கவே இல்ல உன்னை, அதான் தர்றேன்" என்றேன்.

பித்தளை கொஞ்சம் மிச்சமிருந்தது. உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். முடியாது என்றேன். தலையே போனாலும் முடியாது என்றேன். அவள் அரத்தை எடுத்து என் பக்கம் நகர்த்திவைத்தாள். மூன்றாவது சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. அது உனக்கு.

அனுப்பும் முன்பு என் கதவுப் பூட்டைக் கழற்றி உள்ளே ஒரு சின்னத் தடுப்பு வைத்திருக்கிறேன். இனி அதை உள்ளே இருப்பவர்தான் பூட்டலாம். வெளியே நிற்பவர் எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கத்தான் வரும், பூட்ட வராது. நீ வரலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். யாரையும் உள்ளே வைத்துவிட்டுப் போக முடியாது.

மாமா

மகனே, இது அம்மா. மாமா சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். உன் கோட்டைக் கொடுத்தது என் தப்புதான், உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீயும் என்னைக் கேட்டிருக்கலாம். வா. சாவி இருக்கிறதே என்று சத்தமில்லாமல் திறந்துவிடாதே, தட்டிவிட்டுத் திற. மாமா கதவுக்குக் குறுக்கே மறுபடியும் நூல் கட்டியிருக்கிறார்.